இஞ்சு மரை, மில்லிமீட்டர் மரை

போன தடவை மணிமுத்தாறு போயிருந்தப்போ தாத்தா காலத்துப் பம்ப்செட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ணினேன். மூடியில் இருந்த நாலு ஸ்க்ரூவில் ஒன்று தொலைந்துவிட்டது. கடையில் 8 எம்எம் ஸ்க்ரூ வாங்கி வந்தேன். ரெண்டு மூணு சுற்று வழுக்கிக்கொண்டு இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. துரு என்று நினைத்து ஸ்பேனரால் முறுக்கினேன். வார்ப்பிரும்பில் இருந்த மரை அப்படியே பெயர்ந்து வந்தது.

லேத் பட்டறை அண்ணாச்சி பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இது இஞ்சு மரைல்லா! மில்லிமீட்டரைப் போட்டு ஏத்திட்டியளே."

மர ஸ்க்ரூ கூர் நுனியோடு தன் பாதையைத் தானே வெட்டிக்கொண்டு போகும். நாலு தடவை கழற்றி மாட்டினால் மரத்தில் பிடிப்பு போய்விடும். மெஷின் ஸ்க்ரூ அப்படியில்லை. உடம்பு முழுக்க ஒரே தடிமன். முன்பே டேப் அடித்த துளையிலோ நட்டிலோதான் போகும். இறுக்கும்போது இம்மியளவு நீண்டு, ஸ்பிரிங் மாதிரி இரண்டு பாகங்களையும் இழுத்துப் பிடிக்கும். ரிவெட் அடித்தால் வெட்டித்தான் எடுக்கணும். இதைத் திருப்புளி இருந்தால் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். பழுதுபார்ப்பு என்கிற தொழிலே இதை நம்பித்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை: துளையின் மரையும் ஸ்க்ரூவின் மரையும் ஒன்றாக இருக்கணும்.

அம்மாவின் தோட்டுத் திருகாணி ஒருமுறை தொலைந்தபோது, வேறு ஆசாரி செய்த திருகாணி அதில் ஏறவே இல்லை. கையால் மரை வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. 18-ஆம் நூற்றாண்டு எந்திரங்களின் நிலையும் அதுதான்: இந்த போல்ட்டுக்கு இந்த நட்டு மட்டும். 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, ஒரே மரையைத் திரும்பத் திரும்பத் துல்லியமாக வெட்டும் லேத்தை உருவாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-ல், எந்தத் தடிமனுக்கு இஞ்சுக்கு எத்தனை மரை என்று பொது அளவு முன்வைத்தார். மரைக் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். அரை இஞ்சு போல்ட்டில் பிரிட்டனுக்கு இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்காவுக்கு 13. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளாக இருந்தும் ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறவில்லை. 1948-ல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொது மரைக்கு ஒத்துக்கொண்டன.

எங்க பக்கத்துக்கு விட்வொர்த் எந்திரங்களோடு வந்து சேர்ந்தார். 1880-களில் பாபநாசம் தண்ணீர் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அந்தக் கால இந்திய ஆலைகளின் எந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. ஆகவே பட்டறைகளும் இஞ்சு மரையில் பழகின. மணிமுத்தாறு அணை காமராஜர் ஆட்சியில், 1950-களில் எழுந்தது. அதே சமயம் நாடு மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியது: சட்டம் 1956-ல், நடைமுறை 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக. சட்டம் மாறினால் ஏற்கெனவே வெட்டிய மரை மாறிவிடுமா? இன்றைக்கும் ஹார்டுவேர் கடையில் இஞ்சு போல்ட் கேட்டால் கிடைக்கும்.

என் பம்ப்செட்டில் நடந்ததும் இதுதான். அந்தத் துளை 5/16 இஞ்சு, அதாவது 7.94 எம்எம். 8 எம்எம் ஸ்க்ரூவுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை இடைவெளி அதில் 1.41 எம்எம், இதில் 1.25. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் கூடி, மூன்றாவது சுற்றில் கடித்துக்கொள்கிறது. சாஃப்ட்வேரில் இருபது வருஷமாக இன்டர்ஃபேஸ் பொருந்தணும் என்று அடுத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்!

அண்ணாச்சி துளையைப் பெரிதாக்கி 10 எம்எம் டேப் அடித்துக் கொடுத்தார். "கையால சுத்தினா முழுசா இறங்கணும். அதுக்கப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும்" என்றார்.

இப்போது தாத்தாவின் பம்ப்செட்டில் மூன்று ஸ்க்ரூ இஞ்சு, ஒன்று மில்லிமீட்டர். பக்கத்தில் அணையின் முழுக் கொள்ளளவை இன்னும் 118 அடி என்றுதான் சொல்கிறோம்.