இலவங்கப்பட்டை எண்ணெய்: வரலாறு, பயன்கள், பாதுகாப்பு

இலவங்கப்பட்டை எண்ணெய் என்பது இலவங்கப்பட்டை மரத்தின் பட்டையை அல்லது இலையைக் காய்ச்சி வடித்துப் பெறப்படும் நறுமண எண்ணெய் ஆகும். இம்மரம் இலங்கைத் தமிழில் 'கறுவா' எனப்படும். தமிழ்நாட்டுச் சமையலறையில் அதன் பெயர் வெறும் 'பட்டை'. ஒரே பெயரில் வழங்கினாலும் இந்த எண்ணெய் ஒரே பொருள் அன்று. பட்டை எண்ணெயும் இலை எண்ணெயும் வேதியியலில் வேறு. அவை உடலில் செய்யும் வேலையும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் பயன்படுத்துவது தீங்கு விளைவிக்கலாம்.

மரமும் இனங்களும்

இலவங்கப்பட்டை மரம் லாரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரவியல் பெயர் சின்னமோமம் வெரம். இலங்கையைக் குறிக்கும் சின்னமோமம் செய்லானிகம் என்ற பழைய பெயரும் வழக்கில் உண்டு. இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் இதன் தாயகம்.

சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் விளையும் நெருங்கிய உறவினங்கள் 'காசியா' எனப்படுகின்றன. அம்பத்தூரானாலும் மதுரையானாலும், மளிகைக் கடையில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இதுவே. உண்மையான இலவங்கப்பட்டை தாளைப் போல மெல்லியது, பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியா தடித்தது, ஒற்றை அடுக்காக இருக்கும், எளிதில் உடையாது.

பழங்கால வணிகம்

பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் உரோமரும் இப்பட்டையை விரும்பி வாங்கினர். ஆனால் அது எங்கே விளைகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரிய பறவைகள் பட்டைக் குச்சிகளைக் கொண்டுவந்து கூடு கட்டும் என்றும், அரேபியர் தந்திரம் செய்து அவற்றைக் கவர்வர் என்றும் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதினார். இத்தகைய கதைகள் விலையை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டவை என்று உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கூறிவிட்டார். இடைத்தரகர்களுக்கு லாபம் தந்தது பட்டை மட்டுமல்ல, வாங்குபவரின் அறியாமையும்தான்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். கோட்டை அரசரிடமிருந்து கறுவாவைத் திறையாகப் பெற்றனர். 1638இல் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை விரட்ட ஒல்லாந்தருடன் உடன்பாடு செய்துகொண்டார். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கடற்கரையில் ஆள்வோர் மாறினரே தவிர, கறுவா மக்களுக்கு உரியதாகவில்லை.

பட்டை உரிக்கும் வேலை சலாகம சாதியினர் மீது சுமத்தப்பட்டது. இவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற நெசவாளர்கள் என்பது மரபுச் செய்தி. ஆண்டுதோறும் குறித்த அளவு பட்டையைக் காட்டிலிருந்து கொண்டுவந்து ஒப்படைப்பது இவர்களின் கட்டாய ஊழியமாக இருந்தது. அனுமதியின்றி மரத்தை வெட்டினாலோ பட்டையை விற்றாலோ ஒல்லாந்தர் சட்டப்படி மரண தண்டனை வரை விதிக்கலாம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆளுநர் ஃபால்க் காலத்தில், காட்டு மரங்களை மட்டும் நம்பியிராமல் கொழும்பை அடுத்துத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. கொழும்பு நகரின் 'கறுவாத்தோட்டம்' என்னும் பகுதியின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. 1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கறுவா ஏகபோகம் 1833இல் ஒழிக்கப்பட்டது.

எண்ணெய் வடித்தல்

ஏற்றுமதிக்கு ஆகாத உடைந்த துண்டுகளும் தூளும் வீணாகாமல் எண்ணெயாக மாறின. அவற்றை இடித்துக் கடல்நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்நீருடனேயே காய்ச்சி வடித்தனர். 80 பவுண்டு பட்டையிலிருந்து ஏறத்தாழ 8 அவுன்ஸ் எண்ணெய் கிடைத்ததாக 19ஆம் நூற்றாண்டு மருந்தியல் நூல்கள் கூறுகின்றன. இன்றைய அளவில் இது சுமார் 36 கிலோவுக்கு 225 கிராம். அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பட்டை எண்ணெயின் விலை எப்போதும் உயர்ந்தே இருப்பதற்கும், அதில் கலப்படம் நிகழ்வதற்கும் காரணம் இதுதான்.

இலை எண்ணெயின் கதை வேறு. பட்டைக்காகக் கிளைகளை வெட்டும்போது இலைகள் குவியலாக மிஞ்சுகின்றன. அவற்றை நீராவியில் வடித்தால் மலிவாக எண்ணெய் கிடைக்கும். காலி, மாத்தறை மாவட்டங்களை உள்ளடக்கிய இலங்கையின் தென்பகுதியில் இத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

தென்னிந்தியாவில்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கைக்கு வெளியேயும் இப்பயிரை வளர்க்க முயன்றது. கண்ணூர் அருகே அஞ்சரக்கண்டியில் பெரிய தோட்டம் உருவானது. குற்றாலத்திலும் நறுமணப் பயிர்த் தோட்டம் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்னும் வகைகளை வெளியிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு, பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையங்களும் தத்தம் வகைகளை உருவாக்கியுள்ளன.

வேதியியல்

1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் பட்டை எண்ணெயிலிருந்து சின்னமால்டிகைடு என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். 1854இல் இத்தாலியரான கியோட்சா அதனை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினார். பட்டை எண்ணெயில் பெரும்பங்கு வகிப்பது இதுவே. இனிப்பும் காரமும் கலந்த மணம் இதனால் வருகிறது.

இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். கிராம்பின் மணத்துக்கும் அதுவே காரணம். ஆகவே இலை எண்ணெயை முகர்ந்தால் பட்டையைவிடக் கிராம்பே நினைவுக்கு வரும். வேர்ப்பட்டையின் எண்ணெயிலோ கற்பூரம் மிகுந்திருக்கும். ஒரே மரம் மூன்று உறுப்புகளில் மூன்று விதமான எண்ணெய்களைத் தருகிறது.

பயன்கள்

பட்டை எண்ணெய் இனிப்புகள், பானங்கள், மெல்லும் கோந்து, பற்பசை, வாசனைத் திரவியம் ஆகியவற்றில் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. இலை எண்ணெய் சோப்புக்கும் யூஜினால் தயாரிப்புக்கும் பயன்படுகிறது. யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கின்றனர். யூஜினாலிலிருந்து வனிலின் தயாரிக்கவும் முடியும்.

இந்த எண்ணெய்கள் நுண்ணுயிரிகளை ஒடுக்குவதைப் பல ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவின் புழுக்களைத் தைவான் நாட்டு இலவங்க இனம் ஒன்றின் இலை எண்ணெய் கொல்வதாக 2004இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமி சாவதால் மட்டுமே அது மனித உடலுக்கு மருந்தாகிவிடாது. சர்க்கரை நோய் தொடர்பாகப் பேசப்படும் ஆய்வுகளும் பெரும்பாலும் பட்டைத் தூளைப் பற்றியவை, எண்ணெயைப் பற்றியவை அல்ல.

பாதுகாப்பு

தோல்: சின்னமால்டிகைடு தோலில் எரிச்சலையும் நீடித்த ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பின்னர் பற்பசையில் உள்ள சிறு அளவும் வாயைப் புண்ணாக்கலாம். தோலில் பூசுவதற்கு நறுமண எண்ணெய்ப் பாதுகாப்பு நூல்கள் கூறும் உச்ச அளவு பட்டை எண்ணெய்க்கு 0.07 விழுக்காடு, இலை எண்ணெய்க்கு 0.6 விழுக்காடு. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் கலப்பதானால் முன்னது ஏறத்தாழ ஒரு துளி. பின்னது சுமார் பன்னிரண்டு துளி. புட்டியில் 'இலவங்க எண்ணெய்' என்று மட்டும் எழுதியிருந்தால் இவற்றில் எந்த அளவைக் கொள்வது என்றே தெரியாது.

விழுங்குதல்: 60 மில்லி அளவு எண்ணெயைக் குடித்த ஏழு வயதுச் சிறுவனுக்கு வாய், மார்பு, வயிற்றில் எரிச்சல், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, வாந்தி ஆகியவை ஏற்பட்டதை 1989இல் ஒரு குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்தது. எண்ணெயைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், புட்டியுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துகள்: யூஜினால் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

கூமரின்: காசியாப் பட்டையில் இருக்கும் இச்சேர்மம் மிகுந்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்படும். நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். பிரியாணியில் போடும் ஒரு துண்டுப் பட்டையால் அச்சம் இல்லை. நாள்தோறும் கரண்டிக் கணக்கில் காசியாத் தூளை உண்போரே கவனிக்க வேண்டும். உண்மையான இலவங்கப்பட்டையில் கூமரின் மிகமிகக் குறைவு.

சேமிப்பு: எண்ணெயை அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், வெயிலும் வெப்பமும் படாமல், காற்றுப் புகாதபடி மூடி வைக்க வேண்டும். வாங்கும்போது தாவரவியல் பெயரும், எண்ணெய் பட்டையிலிருந்து எடுத்ததா இலையிலிருந்து எடுத்ததா என்ற விவரமும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத புட்டியை உடலில் பூசப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.