குச்சிக்கு மெழுகு, பெட்டிக்குப் பூச்சு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மட்டி என்றொரு மரம் வளர்கிறது. கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகாது. வெளுத்த, கனமில்லாத, சீக்கிரம் பூச்சி அரித்துவிடும் கட்டை. இதன் பிசினைத்தான் மட்டிப்பால் என்று வாசனைப் பொருள் கடையில் விற்கிறார்கள். மற்றபடி இந்த மரத்துக்கு முக்கியமாக வாய்த்த வேலை இரண்டு. கட்டையை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு நீளக் கத்தியை அதன்மேல் அழுத்தினால் மெல்லிய ஏடாக உரிந்து வரும். அந்த ஏட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசை போட்டு அழுத்தினால் பிளைவுட். பொடிப்பொடியாகக் குச்சி வெட்டினால் தீக்குச்சி.

பிளைவுட்டாகப் போன ஏட்டுக்கு ஆயுள் கெட்டி. மேல்நாடுகளில் பிளைவுட்டைக்கொண்டு காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் முகாம் வண்டி கட்டிக்கொள்கிறார்கள். எப்பாக்சி பூசி மரத்தின் நுண்துளைகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட் அடித்து, வருஷக்கணக்கில் மழை தாங்கும்படி செய்கிறார்கள். சிவகாசிக்கு வந்து சேரும் குச்சிக்கும் உபசாரம் குறைவில்லை. ஊறவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, மெழுகு முக்கி, மேலே மருந்தும் பூசுகிறார்கள். எல்லாம் சில விநாடி எரிவதற்கு.

மரம் விளையாத ஊரில் மரத்தொழில் எப்படி வந்தது? விருதுநகர் பக்கம் மழை குறைவு என்பதை விவசாயி குறையாகச் சொல்வார். தீப்பெட்டிக்காரருக்கு அதுதான் முதல். மருந்தில் கலக்கும் வச்சிரப் பசை ஈரக்காற்றில் இளகும், தலை உலராது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலை தடுமாறுவதும் அதனால்தான். 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றார்கள். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொடங்கினார்கள். அதே 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. வரியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார நினைத்த ஸ்வீடன்காரர்கள் 1923இல் விம்கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் இயந்திரம் இருந்தது, சிவகாசியிடம் வெயிலும் ஆட்களின் கையும் இருந்தன. 1934இல் ஆங்கில அரசு உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு கையால் செய்பவர்களுக்கு அந்த வரியில் சலுகை கிடைத்தது. வெயிலைப் புகழ்கிற அளவுக்கு இந்தச் சலுகையை யாரும் புகழ்வதில்லை. அது இல்லாமல் வெயில் மட்டும் விம்கோவைத் தாக்குப்பிடித்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

கைவேலையாகச் செய்யும் இடத்தில் குச்சி மூட்டைகளாக வந்து இறங்குகிறது. நல்ல குச்சி என்றால் முன்பே ஒரு குளியல் முடித்திருக்கும், அம்மோனியம் பாஸ்பேட் கரைத்த தண்ணீரில். ஊதி அணைத்த பிறகு நுனியில் கங்கு நிற்காமல் இருக்கத்தான் இது. அணைத்த குச்சி சிவப்பாகக் கனன்றுகொண்டே சாம்பலாக உதிர்ந்தால், அது குளிக்காத குச்சி. குளித்தது காய்ந்ததும் உருளையில் போட்டு உருட்டிச் சிம்பு போக்குவார்கள்.

அடுத்து, கட்டை அடுக்குவது. காடி வெட்டிய சட்டங்களில் காடிக்கு ஒரு குச்சியாகப் பெண்கள் அடுக்குவார்கள். ஒரு வரிசை நிறைந்தால் அதன்மேல் அடுத்த சட்டம். இப்படிச் சட்டங்கள் சேர்ந்ததுதான் கட்டை. அதை இறுக்கி நிமிர்த்தினால் ஆயிரக்கணக்கான முனைகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் மருந்து கூடுதலாக ஏறும். உள்வாங்கிய குச்சிக்குத் தலையே இராது.

கட்டையை முதலில் சூடான தகட்டின்மேல் வைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் சூடேறிய மரம்தான் மெழுகைக் குடிக்கும், குளிர்ந்த மரத்தில் மெழுகு மேலோடு உறைந்து நின்றுவிடும். பிறகு உருகிய பாரஃபினில் முனைகளை முக்கி எடுப்பார்கள். மருந்துத் தலை எரிந்து தீர்வது கண் சிமிட்டும் நேரத்தில். அதற்குள் மரம் பற்றாது. மெழுகு உருகி, ஆவியாகி, அந்தத் தீயைப் பிடித்து மரத்திடம் ஒப்படைக்கிறது. சீறிவிட்டு உடனே அணைந்துபோகும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றம் மெழுகில் இருக்கும்.

மெழுகின் மேல் மருந்து. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள், வச்சிரம், கொஞ்சம் சாயம். இந்தக் குழம்பைத் தட்டில் ஒரே கனத்தில் பரப்பிக் கட்டையை அதில் தொட்டெடுப்பார்கள். நீர்த்திருந்தால் வழிந்துவிடும், கெட்டியாக இருந்தால் தலை பெருத்துவிடும். பதம் பார்ப்பவர் கண்தான் அளவுகோல். தொட்டெடுத்த கட்டையைக் காற்றாட நிறுத்தி உலரவிடுவார்கள்.

இத்தனை செய்தும் குச்சியில் பாதித் தீதான் இருக்கிறது. மீதி பெட்டியின் பக்கவாட்டில். பெட்டிகளை நெருக்கி அடுக்கி, பக்கங்கள் ஒரே பரப்பாக வந்ததும், பிரஷ்ஷை முக்கி நீளமாக ஒரே இழுப்பு. சைடு பெயின்டிங் என்பார்கள். அந்தப் பழுப்புப் பூச்சில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ், கண்ணாடித்தூள், பசை.

முன்னொரு காலத்தில் பாஸ்பரஸ் குச்சித் தலையிலேயே இருந்தது, அதுவும் வெள்ளைப் பாஸ்பரஸ். எங்கே உரசினாலும் பற்றும். அதைச் செய்த ஐரோப்பியத் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844இல் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அவ்வளவு நஞ்சில்லாத சிவப்பு வகை அந்த இடத்தில் நிலைத்தது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றும் நாம் உரசுகிற உரசலில் சிவப்புப் பாஸ்பரஸில் இம்மியளவு சூடேறி வெள்ளையாக மாறித்தான் பற்றுகிறது.

குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் உலர்ந்த நிலையில் சேர்ந்தால் லேசான தட்டலே போதும், வெடிக்கும். ஆகவே தலைமருந்தும் பக்கமருந்தும் ஓர் அறையில் இருக்கக்கூடாது, ஒரு பிரஷ்ஷில் படக்கூடாது. தீபாவளித் துப்பாக்கிக்கு வாங்கும் சுருள் கேப்பில் இருப்பது இந்த இரண்டும் சேர்ந்த கலவை. தீப்பெட்டியில் பிரித்தே வைத்ததைப் பட்டாசில் சேர்த்தும் பிழைக்கிற வட்டாரம் இது.

கட்டை அடுக்கிய விரல்களில் குழந்தைகளின் விரல்களும் நிறைய இருந்தன. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை வைக்கக்கூடாது என்றது. சிவகாசியை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முக்குவது, அடுக்குவது, பூசுவது எல்லாவற்றுக்கும் இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. மெழுகுக்கு முன் சூடு என்ற விதியை மட்டும் இயந்திரத்தாலும் மாற்ற முடியவில்லை.

பெட்டி ஆனதும் 600 சேர்ந்தது ஒரு பண்டல். மேலே ஒட்டும் படம் வடநாட்டுக்கு ஒன்று, இங்கே ஒன்று. அந்தப் படங்களை அச்சடித்துப் பழகித்தான் சிவகாசி காலண்டருக்கும் டைரிக்கும் போனது. 2021இல் மூலப்பொருள் விலை எகிறியது. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கும், மெழுகு 58இலிருந்து 80க்கும் போனதாக உற்பத்தியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். சிவகாசியில் கூடிப் பேசி, 2007 முதல் ஒரு ரூபாயில் நின்றிருந்த பெட்டியை அந்த டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். 2023 ஜூனில் தீப்பெட்டிக்குப் போட்டியான, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடுத்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது.

பாஸ்பரஸ் அந்த விலை விற்கும்போது பக்கப் பூச்சை ஒல்லியாக இழுத்துவிட்டுப் போகும் ஆசை யாருக்கும் வரும். அதன் பலனைப் பார்ப்பது அடுப்படியில். குச்சி பத்துப் பதினைந்து மிச்சமிருக்கும்போதே பெட்டியின் இரண்டு பக்கமும் வெளுத்து, உரசினால் வழுக்கும். இரண்டு ரூபாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில்லை. அடுத்த முறை வேறு படம் போட்டதாகக் கேட்டு வாங்குகிறார்கள்.