கைக்குள் அடங்கும் பக்கம்: மலையக வாசகரும் இணையவாசலின் வடிவமும்

1

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஆசிரியரையும் நூலையும் நோக்குவர், பக்கத்தை நோக்குவதில்லை. ஏட்டின் நீளம், தாளின் அகலம், எழுத்தின் பருமன் ஆகியன அச்சகத்தாரின் கவலைகள் என்றே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் பக்கம் என்பது வெறும் கொள்கலன் அன்று. அதனை ஆக்கும் கருவி யாரிடம் உள்ளது, அதனை வாசிப்பவருக்கு எத்துணை வெளிச்சமும் ஓய்வும் உண்டு, அதற்கு அவர் கொடுக்கக்கூடிய விலை யாது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் அளித்த விடையே பக்கத்தின் வடிவமாக உறைந்து நிற்கின்றது எனலாம்.

அரச திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தத்தம் இணையவாசல்களைக் கைத்தொலைபேசியில் வாசிக்கத்தக்கனவாக மாற்றியமைப்பது இன்று கணினித்துறையினரின் தொழில்நுட்ப விடயமாகவே பேசப்படுகின்றது. கண்டியையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, இம்மாற்றத்தைப் பக்கத்தின் சமூக வரலாற்றினுள் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1867ஆம் ஆண்டு கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலத்திலேயே தமிழகத்தினின்றும் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் அமர்த்தப்பட்ட மக்களுக்கு லயத்து அறையும் விளக்கொளியும் விடிந்தது முதல் பொழுது சாயும் வரையிலான உழைப்புமே வாழ்க்கையாயின. புத்தகம் விரித்துப் படிக்கும் மேசை அவ்வாழ்க்கையில் இல்லை.

இம்மக்களை நோக்கி எழுத்து வந்த விதம் கவனத்திற்குரியது. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கோப்பிச் செய்கையைப் பாட்டாகக் கூறியது. அதன் வடிவம் உழைப்பாளருடையது, பொருளோ தோட்டத்தினுடையது. இந்நிலையை மாற்றியமைத்தோருள் கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் முதன்மையானவர்கள். நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். ஆனால் பத்திரிகையின் அகன்ற பக்கமும் நெருங்கிய பத்திகளும் எழுத்தறிவும் ஓய்வும் உடையோரையே முதற்கண் சென்றடைந்தன. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபின் நிகழ்ந்த இயக்கத்தில், கூட்டங்களிற் பாடப்பட்ட பாட்டும், அப்பாட்டைத் தாங்கிய சிறு பிரசுரமும் வேறொரு பணியைச் செய்தன. 1940இல் வெளிவந்த மீனாட்சியம்மையின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ இவ்வகையினது.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பாட்டுப் பிரசுரம் பத்திரிகையின் சுருக்கம் அன்று. பெரிய பக்கத்தைக் கத்தரித்துச் சிறிய பக்கமாக்கிய செயலும் அன்று. வாசிப்பவர் யார், எங்கே, எந்நேரத்தில் வாசிப்பார் என்பதை முதலிற் கருதி, செய்தியின் ஒழுங்கையே மாற்றியமைத்த ஆக்கம் அது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கலாம்; மடித்து மடியிற் கட்டிக்கொள்ளலாம்; பாதியில் நிறுத்தி மீண்டும் தொடரலாம். 1960களில் கண்டியினின்றும் வெளிவந்த ‘மலைமுரசு’ போன்ற சிறு சஞ்சிகைகளும் தோட்டப் பாடசாலைகளிற் கற்று வெளிவந்த புதிய வாசகரைக் கருதியே தமது பக்கங்களை அமைத்துக்கொண்டன.

3

இணையத் தமிழின் தொடக்ககாலப் பக்கம் இம்மரபின் தொடர்ச்சியாக அமையவில்லை. அது மேசைக்கணினியின் பக்கம். இடப்புறம் ஒரு பட்டியல், வலப்புறம் ஒரு பட்டியல், நடுவே செய்தி என்னும் மூன்று பத்தி அமைப்பையே இணையவாசல்கள் பொதுவாகக் கைக்கொண்டன. அலுவலகத்தில் நாற்காலியும் மேசையும் அகன்ற திரையும் உடையவரே அதன் வாசகராகக் கற்பிதம் செய்யப்பட்டார். மேலும், இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு நிறுவப்பெற்ற கணினியில் மட்டுமே அப்பக்கம் தமிழாகும்; ஏனையவற்றில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் ஈழத்து எழுத்துகளை ஆவணப்படுத்தத் தொடங்கிய நூலகம் தளமும் தன்னார்வலர் உழைப்பால் எழுந்த பெருஞ் சாதனைகளாகும். இவை இரண்டும் இருவேறு பக்கங்களை நமக்குத் தந்தன. முன்னையது நூல்களைத் தட்டெழுதிய பாடமாகத் தந்தது. பின்னையது பெரும்பாலும் அச்சுப் பக்கங்களின் படிமங்களாகத் தந்தது. படிமம் மூலத்திற்கு நம்பகமானது, ஆய்வாளனுக்கு இன்றியமையாதது. ஆனால் அது அசையாதது. முழுத்தாள் அளவுப் பக்கம் கைத்தொலைபேசித் திரையில் முழுமையாகத் தோன்றும்போது எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியுமாறு பெருப்பித்தால் வரி தெரியாது. கண்டியினின்றும் தெல்தோட்டைக்குச் செல்லும் பேருந்தில் நின்றவாறே, ஒவ்வொரு வரிக்கும் விரலால் பக்கத்தை இடமும் வலமும் இழுத்து ஆய்வுக் கட்டுரையொன்றை வாசித்த மாணவியை இக்கட்டுரையாசிரியர் கண்டதுண்டு. அக்கட்டுரை வெளியிடப்பட்டதே, ஆனால் அவளுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு வினா.

இதற்கிடையில் வாசகரின் கையிலிருந்த கருவி மாறிவிட்டது. இலங்கையில் 1989இல் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. 2006இல் மூன்றாந் தலைமுறை வலையமைப்பு வந்தது. மேசைக்கணினியை ஒருபோதும் வாங்கியிராத லயத்து வீட்டினுள் கைத்தொலைபேசி நுழைந்தது. பிற நாடுகளிற் கணினியின் பின் தொலைபேசி வந்தது எனின், இங்கே பலருக்குத் தொலைபேசியே முதற் கணினியாயிற்று. அதுவே முதல் நூலகமும் அரச அலுவலகத்தின் முதற் கருமபீடமும் ஆயிற்று.

4

பக்கத்தின் தொழில்நுட்பம் இம்மாற்றத்தை இரு வழிகளில் எதிர்கொண்டது. முதலாவது, தொலைபேசிக்கெனத் தனியான தளமொன்றை அமைத்தல். இதில் முழுத் தளம் ஒருவருக்கும் குறுகிய தளம் மற்றொருவருக்கும் எனப் பிரிவினை தோன்றியது. இரண்டையும் பேண ஆளில்லாதபோது சிறிய தளமே பழைய செய்தியுடன் கைவிடப்பட்டது. இரண்டாவது, ஒரே பக்கம் திரைக்கேற்பத் தன்னை ஒழுங்கமைத்துக்கொள்ளல். ஈதன் மார்கொட் 2010இல் பெயரிட்டு விளக்கிய இம்முறைக்கு அடிப்படையான திரை அளவறியும் விதிகள் 2012இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயின.

இணையவாசலில் இது நிகழும் விதம் எளிமையானது. செய்தி தரவுத்தளத்தில் ஒருமுறையே சேமிக்கப்படும். தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புரு அதனின்றும் வேறாக நிற்கும். திரை குறுகும்போது மூன்று பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தமையும். அப்பொழுது தவிர்க்கவியலாத வினா ஒன்று எழுகின்றது: எது முதலில் வருவது? அகன்ற திரையில் எல்லாம் பக்கம்பக்கமாக நிற்கலாம். குறுகிய திரையில் வரிசை உண்டு. தலைவரின் ஒளிப்படமும் வாழ்த்துச் செய்தியும் முதலில் வருமா, விண்ணப்பப் படிவமும் கட்டணமும் அலுவலக நேரமும் முதலில் வருமா? நிறுவனம் யாரைத் தன் வாசகராகக் கருதுகின்றது என்பதை இவ்வரிசை அம்பலப்படுத்திவிடுகின்றது.

தமிழுக்கெனச் சில தனித்த தேவைகளும் உள. ஒட்டுநிலை மொழியாதலின் நம் சொற்கள் நீண்டவை. குறுகிய வரியில் ‘பெருந்தோட்டப்பகுதிகளிலிருந்து’ போன்ற சொல் அடங்காது திரைக்கு வெளியே ஓடும். இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களிடையே பள்ளங்கள் தோன்றும். எனவே இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்தி, அசையெல்லையிற் சொல்லை முறிக்க அனுமதித்து, மேலும் கீழும் நீளும் நம் எழுத்துகளுக்கு வரியிடைவெளி கூட்டி அமைத்தல் வேண்டும். பாடம் யுனிக்கோட்டில் இருத்தல் இன்றியமையாதது; தொலைபேசியில் பாமினியை நிறுவிக்கொள்ளுமாறு எவரையும் கேட்கவியலாது. ஆங்கிலப் பக்கத்தில் சரியாக இயங்கும் வார்ப்புரு தமிழ்ப் பக்கத்திற் சிதையுமாயின், மொழிச் சமத்துவம் சட்டத்தில் இருந்தும் திரையில் இல்லை என்பதே பொருள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கருமமொழியாக்கியது. அவ்வுரிமை இன்று வார்ப்புருவின் வரியளவு வரை சென்று சோதிக்கப்படவேண்டியதாகும்.

5

இம்மாற்றத்தைத் தூய முற்போக்கு எனக் கொள்வதும் பொருந்தாது. கைத்தொலைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குத் தேடலில் முன்னுரிமை அளிக்கப்போவதாக 2015இல் கூகிள் அறிவித்தமை உழைக்கும் மக்கள் மீதான பரிவால் நிகழ்ந்ததன்று. தொலைபேசி வாசகர் விளம்பரச் சந்தையாக வளர்ந்தமையே அதன் அடிப்படை. மேலும், பக்கம் கைக்குள் அடங்கினும் அதன் எடை அடங்குவதில்லை. பெருத்த ஒளிப்படமும் தானாக இயங்கும் காணொளியும் கொண்ட பக்கம் அதனைத் திறப்பவரின் தரவுக் கொடுப்பனவை உண்ணும். நாட்சம்பளம் பெறும் குடும்பத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் விலையுண்டு. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி தொலைபேசித் திரைக்கு மாற்றப்பட்டபோது, சமிக்ஞை தேடி மேட்டுநிலங்களில் ஏறிய பிள்ளைகள் இவ்வுண்மையை நாடறியச் செய்தனர். கோபுரமும் கருவியும் இல்லாதவிடத்து, பக்கத்தின் அழகிய வடிவம் மட்டும் எதனையும் தீர்க்காது.

ஆயினும், சந்தைக்காகத் தோன்றிய கருவி சந்தைக்கே உரியதாக நின்றுவிட வேண்டுவதில்லை. அச்சியந்திரமும் அவ்வாறே வந்தது. 1869இன் கும்மி வடிவம் தோட்டத்தின் பொருளைத் தாங்கியது. 1940இன் பாட்டு வடிவம் உழைப்பவரின் பொருளைத் தாங்கியது. வடிவத்தைக் கைப்பற்றியோர் அதன் வரலாற்றுப் பணியை மாற்றினர்.

நம் பல்கலைக்கழகத் தமிழாய்விற்கும் இதில் ஒரு கடமையுண்டு. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் மலையகத்தவரால் வாசிக்கவியலாத பக்கங்களில் உறங்குமாயின், ஆய்வு அம்மக்களைப் பொருளாகக் கொண்டதேயன்றி வாசகராகக் கொள்ளவில்லை. மூலத்தின் படிமத்தைப் பேணுவதோடு, எடை குறைந்த, ஓடும் பாடமாகவும் ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிடுதல் தன்னார்வலர் சிலரின் சுமையாக அன்றி நிறுவனத்தின் பணியாக அமைதல் வேண்டும். பேராதனைக் குன்றினின்றும் பார்த்தால் ஹந்தானைக்கு அப்பால் உள்ள தோட்டங்கள் அண்மையிலேயே உள்ளன. நம் பக்கங்கள் அங்கே சென்று சேர்கின்றனவா என்பதை, லயத்து வாசலில் நின்று ஒரு சிறு திரையில் திறந்து பார்த்தே அறியலாம்.