எழுத்துக்கு எண் காவல்

நீரும் நெருப்பும் கறையானும் ஏட்டிற்குப் பகை என்பர். அவற்றினும் நுண்ணிய பகை ஒன்றுண்டு. அது படியெடுப்போர் கையில் நேரும் பிழை. நெருப்புத் தின்ற ஏட்டை அழிந்தது என்று யாவரும் அறிவர். படியெடுக்கும்போது புகுந்த பிழையோ நூலோடு ஒன்றி, நூலே போல நின்றுவிடும். ஆதலின், 'இந்தப் படி மூலத்தோடு ஒத்ததுதானா?' என்னும் வினா, எழுத்துத் தோன்றிய நாள் தொட்டே மாந்தரைத் தொடர்ந்து வருகிறது. அவ்வினாவிற்கு எண்ணைக் கொண்டு விடை கண்ட வரலாறு தமிழர்க்குப் புதியதன்று.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டிற்கும் இடையே மணல் நிலம். உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் பனையோலையை நெடுநாள் இருக்க விடுவதில்லை. ஓலை பழுதுறுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதே இப்பகுதியார் நூல்களைக் காத்த வழி. வாவியை அண்டிய ஊர்களின் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் படிக்கப்பெறும் 'கண்ணகி வழக்குரை' அவ்வாறு ஏட்டின் வழியாகவே வாழ்ந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் அதனைப் பதிப்பித்து அச்சேற்றினார். அதற்கு முன், கையெழுத்து ஏடுகளே அதற்கு உறைவிடம். கைமாறிக் கைமாறி எழுதப்பட்ட நூல் ஒன்று பிழையின்றி நிற்க வேண்டுமாயின், அதற்குக் காவல் வேண்டும் அன்றோ?

அக்காவலைப் பழம்புலவர் செய்யுளுக்குள்ளேயே வைத்தனர். கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்வோம். ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணும்போது, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. இது யாப்பின் விதி. படியெடுப்பவன் ஓர் உயிர்மெய்யை விட்டுவிட்டால் எண்ணிக்கை குறைந்து, பிழை தானே வெளிப்படும். அந்தாதி என்னும் அமைப்பு இன்னொரு காவல். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வருவதால், நடுவே ஒரு பாட்டு விழுந்தால் தொடர் அறுந்து அவ்விடத்தைக் காட்டிக்கொடுக்கும். அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையால் ஆகிய 100 பாட்டுகளை அந்தாதியாகத் தொடுத்தது. ஆதலின் அடிக்கு ஒரு காவலும் பாட்டுக்கு ஒரு காவலும் அதில் உள. இவை ஓசையின்பத்திற்காகவும் நினைவில் இருத்தற்காகவும் எழுந்தவை ஆகலாம்; ஆயினும் பிழை காட்டும் தொண்டையும் அவை உடன் செய்தன.

எண் செய்த தொண்டிற்குப் புறநானூறு நல்ல சான்று. உ. வே. சாமிநாதையர் அதனை 1894இல் பதிப்பித்தார். நானூறு என்னும் தொகை நூலின் பெயரிலேயே நிற்கிறது. ஆனால் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்திலும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. பத்துப் பத்துகள் இருந்தன என்று நூலின் பெயர் சொல்வதாலேயே இரண்டு பத்துகள் மறைந்தமை தெரிகிறது. எண் இல்லையேல் இவ்விழப்புகளை எளிதில் உணர்ந்திருக்க இயலாது. அதே வேளையில் எண்ணின் எல்லையும் இங்கேயே புலனாகின்றது. இழந்தது எது என்று எண் சொல்லும். இழந்ததை மீட்டுத் தர அதனால் ஆகாது.

எழுத்தெண்ணிக்கைக்கு வேறொரு குறையும் உண்டு. 'வளி' என்பதை 'வலி' என்று எழுதினால் காற்று நோவாகிவிடும்; எழுத்துத் தொகையோ மாறாது, அசையும் மாறாது. கூட்டுத்தொகை ஒன்றையே நம்பும் காவல் எதற்கும் இக்குறை உண்டு. இருபதாம் நூற்றாண்டினர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார், நீண்ட எண் ஒன்றின் கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்க்கும் முறைக்கு 1960இல் காப்புரிமை பெற்றார். 1970 முதல் நூல்களுக்கு உலகளாவிய தரமாக வழங்கிய 10 இலக்க எண்ணும் இவ்வகையினதே. அதில் ஒவ்வோர் இலக்கத்தையும் முறையே 10, 9, 8 என்று இறங்கி 1 வரை வரும் எண்களால் பெருக்கிக் கூட்டினால், வருந்தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இடத்திற்கு இடம் நிறை வேறுபடுவதால், இரண்டு இலக்கம் இடம் மாறினும் பிழை அகப்படும்.

கணினி வந்தபின் காக்க வேண்டியது ஓர் எண் என்னும் நிலை மாறி, முழு நூலையே காக்கும் தேவை எழுந்தது. கணினியில் நூலும் படமும் ஒலியும் 'கோப்பு' என்னும் எண் வரிசைகளே. அவ்வரிசை முழுவதையும் துண்டு துண்டாக எடுத்துப் பலமுறை கலக்கிப் பிசைந்து, முடிவில் சிறியதொரு குறியாக்கித் தருவதே சுருக்கக் குறி. ஆங்கிலேயர் இதனை டைஜஸ்ட் என்பர். ரொனால்ட் ரிவெஸ்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1992இல் வெளியிட்ட எம்.டி.5 என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 32 குறிகளுக்குள் அடக்கியது. நூலில் ஓர் எழுத்து மாறினாலும் குறி முழுவதும் உருமாறிப்போகும். 'வளி' 'வலி'யானால் பழைய எண்ணிக்கை வாளாவிருக்கும்; இக்குறியோ உடனே காட்டிவிடும். குறியைக் கொண்டு நூலை மீட்டெழுத இயலாது என்பது இங்கும் உண்மை.

இக்குறியைக் கணக்கிட இன்று பெரும்புலமை வேண்டுவதில்லை. கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தன் போன்ற எளிய நிரல்மொழிகளில் இதற்கென்றே ஒரு கருவித்தொகுதி உண்டு. பைத்தனில் அதன் பெயர் ஹாஷ்லிப். 2006 முதல் அம்மொழியோடு சேர்ந்தே வருகிறது. செய்ய வேண்டுவன நான்கு: கோப்பைத் திறத்தல், பகுதி பகுதியாகப் படித்தல், ஒவ்வொரு பகுதியையும் கருவியிடம் ஒப்படைத்தல், இறுதியில் குறியைக் கேட்டு வாங்குதல். பகுதி பகுதியாகப் படிப்பதால் கணினியின் நினைவகத்தினும் பெரிய கோப்பையும் அளக்க இயலும். கோப்பைத் திறக்கும்போது, அதனை எழுத்தாகக் கொள்ளாது உள்ளவாறே எண்களாகப் படிக்கும்படி பணித்தல் வேண்டும். இல்லையேல் வரி முடிவைக் காட்டும் குறிகள் இடையே திரிந்து, பிழையற்ற படியும் பிழையுடையது போலத் தோன்றும்.

தமிழ் எழுதுவோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுளது. யூனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு எண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சுருக்கக் குறிக்கோ இரண்டும் வேறு. ஆதலின் தமிழ் நூல்களை ஒப்பிடுமுன் அவற்றின் எழுத்து வடிவை ஒருநெறிப்படுத்தல் கடன். குறி காப்பது எண் வரிசையை. அதன் பொருளை ஆராய்ந்து காப்பவர் புலவரே.

காவலனையும் ஏமாற்றுவார் உளர். எம்.டி.5 முறையில் வெவ்வேறான இரண்டு செய்திகளுக்கு ஒரே குறி வருமாறு செய்ய இயலும் என்பதைச் சீன அறிஞர் வாங் சியாவ்யுன் அம்மையாரும் அவர்தம் துணைவரும் 2004ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் எடுத்துக்காட்டினர். அதனால் தற்செயற் பிழையைக் காண அம்முறை இன்னும் உதவும். வஞ்சகர் செய்யும் மாற்றத்தைக் காண உதவாது. 2002இல் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.எச்.ஏ.256 என்னும் முறை 64 குறிகளைத் தருவது; இன்று அதனையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கீழ்க்கரையைத் தாக்கியது. பெரியகல்லாறும் அதற்குத் தப்பவில்லை. உயிரிழப்பின் துயரோடு, காணி உறுதிகளும் பிறப்புச் சான்றுகளும் குடும்பப் படங்களும் நீரோடு போயின. அதற்கு முன்னரே, 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவும் நிலையன்று என்பதை இந்நாட்டுத் தமிழர் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு செய்தது.

படிகள் பெருகினால் பழைய வினா மீண்டும் எழும்: இவற்றுள் மூலத்தோடு ஒத்தது எது? ஒவ்வொரு படியோடும் அதன் சுருக்கக் குறியைக் கணக்கிட்டு, அக்குறியை வேறோர் இடத்தில் தனியே எழுதிவைத்தால் விடை கிடைக்கும். ஒரு படியின் குறி மாறியிருப்பின் அது பழுதுற்றதென்று விலக்கி, மாறாத படியிலிருந்து புதிய படி எடுக்கலாம். குறி மட்டும் இருந்து படி இல்லையேல், 267ஆம் புறப்பாட்டின் கதையே நேரும். படி மட்டும் இருந்து குறி இல்லையேல், எதனை நம்புவது என்று தெரியாது. பிழையை எண் காட்ட, பழுதுற்றதை மற்றொரு படி மீட்டுத் தரும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவோர் கையில்தான் முன்னோர் எழுத்துப் பின்னோரைப் பழுதின்றிச் சென்றடையும்.