கறுப்பு வெல்வெட் நடந்த தூரம்

1880களின் கடைசியில் இங்கிலாந்தின் வசதியான வீட்டுப் பையன் விருந்துக்குப் புறப்பட்டால், கறுப்பு வெல்வெட் மேல்சட்டை, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, தோளை மூடும் வெள்ளை லேஸ் காலர், இடுப்பில் பட்டுக் கச்சை என்று அவனைச் சிங்காரித்து அனுப்பினார்கள். பார்த்தவர்கள் பிரபு வீட்டுப் பிள்ளை என்றார்கள்.

அந்தப் பிரபுத்துவம் ஒரு தாய் தைத்தது. மான்செஸ்டரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட், தன் இரண்டு மகன்களுக்கும் தானே வெல்வெட் உடை தைத்தார். இளையவன் விவியனை மனதில் வைத்து ‘லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்’ கதையை எழுதினார். 1885இல் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு அது நூலானது. ஓவியர் ரெஜினால்ட் பிர்ச், விவியனின் புகைப்படத்தைப் பார்த்து நாயகனை வரைந்தார். 1888இல் கதை லண்டன் மேடையேறியதும் அந்த உடை இன்னும் வேகமாகப் பரவியது.

துணிக்கு வருவோம். பட்டு வெல்வெட் எல்லோருக்கும் எட்டாது. பல பையன்கள் உடுத்தியது வெல்வெட்டீன் என்ற பருத்தித் துணி. லங்காஷயர் தறியிலிருந்து வரும்போது அதில் மென்மை இராது. ஊடை நூல்கள் சிறு சிறு கண்ணிகளாக மேலே கிடக்கும். செஷயரின் லிம் போன்ற ஊர்களில் அதை நீண்ட மேசையில் இழுத்துக் கட்டுவார்கள். மெல்லிய நீண்ட கத்தியைக் கண்ணிகளுக்குள் நுழைத்து, மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தபடியே ஒரு வரிசையை அறுக்க வேண்டும். திரும்பி வந்து அடுத்த வரிசை. இப்படி ஒரு துணிக்கு நூற்றுக்கணக்கான வரிசைகள். ஒரு நாளில் பல மைல் நடை. பெண்களும் சிறுவர்களும் இந்த வேலையில் இருந்தார்கள். விருந்துக் கூடத்தில் எல்லோரும் ஆசையாகத் தடவிப் பார்த்த மென்மை அவர்கள் காலால் நடந்து உண்டாக்கியது. இந்த உடையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது அவர்களைத்தான்.

தையற்காரருக்கும் அது எளிதில் வசப்படவில்லை. வெல்வெட் இழைகள் ஒரே பக்கமாகச் சாயும். அவை மேல்நோக்கி இருக்கும்படி வெட்டினால் ஒளியை விழுங்கி நிறம் ஆழமாகத் தெரியும். முதுகுத் துண்டு ஒரு பக்கமும் கைத்துண்டு மறுபக்கமும் சாய்ந்துவிட்டால் ஒரே சட்டையில் இரண்டு கறுப்பு தெரியும். ஆகவே துண்டுகளைத் தலைகீழாக மாற்றி வைத்துத் துணியை மிச்சம் பிடிக்க வழியில்லை. தைக்கும்போது மேல்துண்டு நழுவி ஓடும். முதலில் கையால் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும். இஸ்திரிப்பெட்டியை நேரே வைத்தால் இழை நசுங்கிவிடும்; பின்பக்கம் ஆவி காட்டித்தான் தையலை விரிக்க முடியும். பிரித்தால் பழைய தையல் கோடு அப்படியே நிற்கும். பையன் வளர்ந்துவிட்டால் உடை தம்பிக்குத்தான் போக வேண்டும்.

இதற்குள் ஆயத்த உடைத் தொழிலும் வளர்ந்திருந்தது. லீட்ஸ் நகரத்தின் ஜான் பாரன், மரத் தகடு அறுக்கும் இயந்திரத்தைப் பார்த்து 1858இல் பட்டைக்கத்தி இயந்திரத்தைத் துணிக்குக் கொண்டுவந்தார். அடுக்கடுக்காகத் துணி வைத்து ஒரே வெட்டில் அறுக்க முடிந்தது. அவர் தொழிற்சாலையின் முக்கியச் சரக்கே பையன்களின் உடைதான்.

உடுத்தியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி, சிறுவயதில் அந்த உடையோடு நடன வகுப்புக்கு அனுப்பப்பட்டபோது வழியில் வேண்டுமென்றே தெருவோரச் சாக்கடையில் விழுந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்டதைப் பின்னாளில் எழுதினார். ஆனாலும் அந்தத் தாய்மார்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. கையில் கிடைத்த மிக அழகான துணியைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

புதிய நூற்றாண்டில் மாலுமி உடையும் எளிய சட்டைகளும் அதை ஓரங்கட்டின. மணப்பெண்ணின் பின்னே நடக்கும் சிறுவர்களிடம் மட்டும் வெல்வெட் தங்கியது. விவியனை அது கடைசிவரை விடவில்லை. பெரியவராகிப் படகோட்டுவதில் விருப்பம் கொண்டவர், 1937இல் நியூயார்க் அருகே கவிழ்ந்த படகிலிருந்தவர்களைக் காப்பாற்ற உதவிய சற்று நேரத்தில் இறந்தார். மறுநாள் செய்தித்தாள் அவரை ஃபான்ட்லராய் என்றே குறிப்பிட்டது.