தமிழ்99: விசைப்பலகை உடன்பாடும் கூடிவராத குறியாக்க ஒருமைப்பாடும்

சென்னை வேளச்சேரியை அடுத்த தரமணியில் 2000 ஜூலையில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையின் அடையாளமாயிற்று. அதன் வாயில் ஆங்கிலம் அறிந்த பட்டதாரிகளுக்கே திறந்தது. அதே தரமணியிலிருந்து இயங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமோ 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நிறுவி வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பு வில்லியனூர் மையத்தில் பெறப்பட்டு, வீராம்பட்டினம் மீனவர்க்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. செவிவழி சென்றதால் அச்செய்திக்கு எழுத்துரு தடையாகவில்லை. திரையில் தமிழைப் படிக்க வேண்டியவர்க்கோ நிலைமை வேறாக இருந்தது.

அக்காலத்தில் எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் குறியாக்கம் வைத்திருந்தனர். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. தமிழ் பேசும் நாடுகள் கூடிப் பேசாமல் இதற்குத் தீர்வில்லை என்பதை முதலில் செயலில் காட்டியது சிங்கப்பூர். அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. இரண்டாவது மாநாட்டை 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்தியது. அம்மாநாட்டின் நிலைத்த பயனாகத் தமிழ்99 விசைப்பலகை அமைந்தது.

அதன் அமைப்பு தமிழ் எழுத்திலக்கணத்தையே அடிப்படையாகக் கொண்டது. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஆகவே ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்களே போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே. ஆங்கில எழுத்தறியாத ஒருவரும் இதனைக் கற்க இயலும். பொருளாதார வாய்ப்பைப் பரவலாக்கும் கொள்கை என்ற பெயரில் அறிவிக்கப்படாவிடினும், விளைவில் அது அத்தகையதே.

குறியாக்கத்தில் இவ்வொற்றுமை கைகூடவில்லை. தமிழக அரசு தமிழுக்கு மட்டுமான ‘டாம்’, ஆங்கிலமும் இணைந்த ‘டாப்’ என்னும் இரண்டை ஏற்றது. உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர் மின்னஞ்சல்வழி விவாதித்து உருவாக்கிய ‘திஸ்கி’ புலம்பெயர்ந்தோரிடையே நிலைபெற்றது. டாப், திஸ்கி இரண்டுமே எட்டுபிட்டு முறைகள். ஆயினும் ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க வாராது. இதில் தொழில்நுட்பக் கட்டாயத்தைவிட, எவருடைய முடிவு செல்ல வேண்டும் என்ற போட்டியே மிகுதி எனலாம். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றி, நாடுகளுக்கிடையே பேச்சுக்குக் களம் அமைத்தது. எனினும் எந்த அரசையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை.

ஒருமைப்பாடு இறுதியில் மாநாட்டு மேடைகளுக்கு வெளியிலிருந்து வந்தது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, இயங்குதளங்களில் பரவியபின் பிற குறியாக்கங்கள் மெல்ல வழக்கொழிந்தன. தமிழக அரசு 2010 ஜூனில்தான் ஒருங்குறியையும், அது செயல்படாத இடங்களுக்கு ‘டேஸ்16’ என்னும் பதினாறுபிட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட பதினோராண்டுத் தாமதத்தின் சுமை ஆங்கிலப் பக்கத்தைப் படித்துக்கொள்ள இயன்றவர்மீது விழவில்லை.

விசைப்பலகையிலும் உடன்பாடு முழுமையன்று. இலங்கை 2008ஆம் ஆண்டுத் தரத்தில் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. தமிழக அரசு அலுவலகங்களில் தட்டச்சுப் பயிற்சி பெற்றோர் பழைய தட்டச்சு அமைப்பையே தொடர்ந்தனர். 2013இல் ஆப்பிள் கைப்பேசிகளில் தமிழ்99, ஆங்கில ஒலிப்பெயர்ப்பைச் சார்ந்த அஞ்சல் ஆகிய இரண்டும் ஒருசேர இடம்பெற்றன. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் முறையே இன்று பலர்க்கும் பழகியது. தமிழ் மட்டும் கற்றவர்க்கென அமைந்த விசைப்பலகை, விரும்பித் தேடுவோர் கைப்பேசிகளில் மட்டும் இருக்கிறது.