ஒளி நூலும் தாவர நூலும்

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் சாலையில் ஆவுடையார்கோவிலைக் கடக்கும்போது, கார்த்திகை மழைக்குப்பின் நிரம்பிய கண்மாய்களையும் அவற்றை நம்பி விளையும் நெல்வயல்களையும் காண்கிறோம். நண்பகல் வெயிலில் ஓர் ஊருணியின் படித்துறையில் சற்று நின்று பார்த்தால், நீருள் கிடக்கும் வேலம்பாசியிலிருந்து நுண்ணிய குமிழிகள் சரம் சரமாக மேலெழும். மேகம் கதிரவனை மறைத்தால் அச்சரம் தளரும். தாவரம் ஒளியைப் பற்றி உணவாக்கும் விதத்தை மனிதன் அறிந்த வரலாற்றில் இக்குமிழிக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்பொருள் வகுப்பில் வரும்போதெல்லாம், "இதையும் நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனரா?" என்று மாணவர் வினவுவர். இல்லை என்பதே நேர்மையான விடை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரீ 'கிதாபுந் நபாத்' என்னும் நூலில் தாவரங்களின் பெயர்களையும் இயல்புகளையும் விரிவாகத் தொகுத்தார். கி.பி. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் ஒளியையும் பார்வையையும் சோதனை வழியே ஆராய்ந்தார். இரண்டும் பெரும் சாதனைகள். ஆயினும் ஒளிக்கும் இலைக்கும் இடையிலான உறவை இரண்டுமே விளக்கவில்லை. ஒரே பண்பாட்டில் பிறந்த அந்நூல்கள் தனித்தனி வரிசைகளிலேயே நின்றன.

அவற்றுக்கிடையே பாலம் 1779இல் அமைந்தது. டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் இலைகளை நீரில் அமிழ்த்திச் சோதித்தார். வெயிலில் மட்டுமே, பசிய பகுதிகள் மட்டுமே உயிர்வாயுக் குமிழிகளை விடுவதை நிறுவினார். 1817இல் பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இலையின் நிறப்பொருளைப் பிரித்துப் பெயரிட்டனர். தமிழில் அது பச்சையம். அரபியில், 'அக்ளர்' என்ற பச்சையைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்தே, 'யக்ளூர்' எனப்படுகிறது. வியப்பு என்னவெனில், பச்சையம் மிகுதியாக உட்கொள்வது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையுமே. அது குறைவாக ஏற்றுத் திருப்பியனுப்பும் பச்சை ஒளியே நம் கண்ணை அடைகிறது.

நம் நாட்டில் இவ்வாய்வை மேற்கொண்டவர்களுள் முன்னோடி ஜகதீச சந்திர போஸ். மின்காந்த அலைகளை ஆராய்ந்த இயற்பியலாளரான அவர் பின்னர்த் தாவரங்களிடம் வந்தார். கொல்கத்தாவில் 1917இல் ஆய்வகம் நிறுவி, வேலம்பாசியின் குமிழிகளைத் தாமே பதிவு செய்யும் கருவியை அமைத்து, 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். ஒளி நூலையும் தாவர நூலையும் ஒருங்கே திறந்து வைத்தவர் என அவரைக் கூறலாம்.

1932இல் எமர்சன், ஆர்னால்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பச்சைப்பாசிமீது நொடிப்பொழுது ஒளியைப் பாய்ச்சி அளந்தனர். ஒரு பாய்ச்சலில் சுமார் 2500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறே வெளிவந்தது. தனித்தனி மூலக்கூறு அன்று, ஒரு கூட்டமே ஒளியைப் பற்றுகிறது என்பது இதிலிருந்து பின்னர்த் தெளிவாயிற்று. கட்டட வேலையில் செங்கல் கைமாறிச் செல்வதுபோல, ஒரு மூலக்கூறு பெற்ற ஆற்றல் அடுத்ததற்கு மாறி, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் வினைமையத்தை அடைகிறது. அங்கே ஓர் எலக்ட்ரான் உந்தப்பட்டு விலகுகிறது. அவ்விடத்தை நிரப்பத் தாவரம் நீரைப் பிளக்கிறது. எஞ்சும் ஆக்சிஜனே நாம் கண்ட குமிழி. பற்றிய ஆற்றலோ காற்றின் கரியமிலவாயுவைச் சர்க்கரையாக்கி, நெல்மணியில் மாவாகத் தங்குகிறது.

முன்னோர் செய்யாததை அவர்கள்மீது ஏற்றிக் கூறுவதால் அவர்களுக்குப் பெருமை சேராது. சொல்லைத் தொகுத்த உழைப்பும், கண்டு சோதித்தபின் ஏற்ற நெறியுமே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற உடைமை. ஆதலின், அடுத்த முறை மாணவர் அவ்வினாவை எழுப்பும்போது, விடையை நூலில் தேடுமுன் ஒரு நண்பகலில் அவர்களை ஊருணிப் படித்துறைக்கு அழைத்துச் செல்வது நலம் எனக் கருதுகிறோம்.